சம்பந்திகள் குடித்த மூன்றாம் பாட்டில்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

தங்கள் நேரத்தில் ஒரு சிறு பகுதியை எனக்கு அளிக்குமாறு வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டு, பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர் என் மனைவியிடம் வருகிறார்கள். அவரும் பொறுமையாக விளக்குகிறார். ஆனால், "உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று யாரேனும் கேட்டால் மட்டும் காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விடுகிறார். என் குடும்பத்தாரின் வயிறு அதில் சம்பந்தப்பட்டிருப்பதே காரணம். அவர் சொல்லத் தயங்குவதை நான் எழுத முற்படுகிறேன்.

எழுதுவதற்கு எனக்குள்ள தகுதியையும் கூறிவிட வேண்டும். மணப்பாறையில் எங்களுக்கு முறுக்கு வியாபாரம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்ட கல்வி முழுவதையும், பொட்டலம் மடிப்பதற்காக எடைக்கு வாங்கிய பழைய பத்திரிகைகளிலிருந்து பெற்றேன். குறிப்பாகத் தலையங்கங்களை விரும்பிப் படிப்பேன். காகிதம் பெரும்பாலும் பாதியாகக் கிழிந்திருக்கும் ஆகையால், நாட்டின் பெரிய விவகாரங்கள் பலவற்றின் தொடக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். அவை எப்படி முடிந்தன என்பது இன்றுவரை தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டியிருந்த காலம். திருச்சியில் ஓர் உறவினர் திருமணம். பந்தி முடிந்த எச்சில் இலைகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னாலிருந்த குளத்தில் கொட்டப் போனேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போறீங்க?"

"குளத்துல கொட்டத்தான்."

"நாளைக்கு உங்க வீட்டுக் கிணத்துல நான் கொட்டவா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். அந்த இலைகளை எங்கே கொட்டினேன் என்பது நினைவில் இல்லை. அவரைத் தவிர வேறு யாரையும் மணப்பதில்லை என்று முடிவு செய்தது மட்டும் நினைவிருக்கிறது.

விசாரித்ததில் அவர் எங்களுக்குத் தூரத்து உறவு என்று தெரிந்தது. தந்தை ரயில்வேயில் குமாஸ்தா, வீடு ஸ்ரீரங்கத்தில். நகரத்துக் கல்லூரி ஒன்றில் புதிதாகத் தொடங்கிய சுற்றுச்சூழல் படிப்பில் தேறியிருந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அந்தப் படிப்புக்கு இடமில்லாமல் "இதர" என்னும் பிரிவில் பதிந்திருந்தார்கள். வந்த வரன்களும் படிப்பின் பெயரைக் கேட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புவதாகக் கூறிப் போனவர்கள்தாம். எட்டாம் வகுப்பு படித்த என்னை அவர்கள் பரிசீலித்தது இவ்வாறாகத்தான்.

எனினும் பெண் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். முதலில் வேலை, பிறகுதான் கல்யாணம். நகருக்கு வெளியே இருந்த ஓர் ஆலையில் கழிவுநீரைச் சோதித்துச் சுத்தம் செய்ய ஆள் தேடினார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் மேற்படிப்புக்கு மெட்ராஸ் போய்விடுவார். எங்கள் வீட்டிலோ என் அத்தை, அதாவது என் தந்தையின் அக்கா, வேறொரு நிபந்தனை விதித்திருந்தார். ஆவணியில் கல்யாணம் நடக்காவிட்டால், வையம்பட்டியில் தென்னந்தோப்போடு வந்திருக்கும் சம்பந்தத்தை முடித்துவிடுவார். இவ்விரண்டு நிபந்தனைகளுக்கும் நடுவே என் எதிர்காலம் மாட்டிக்கொண்டது.

ஆடி மாதத்தில் பெண் பார்க்கப் போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பதினெட்டாம் பெருக்கு மட்டும் அதற்கு விலக்கு. ஆகவே அன்று காலை என் தந்தை, அத்தை, நான் ஆகிய மூவரும் ஒரு டின் முறுக்குடன் மணப்பாறையில் பஸ் ஏறினோம். வழி நெடுக அந்தப் படிப்பைப் பற்றியே ஆராய்ச்சி.

"முனிசிபாலிட்டியில கொசு மருந்து அடிக்கிறாங்களே, அந்த உத்தியோகமா இருக்குமோ?" என்றார் தந்தை.

"அதுக்கு எதுக்குடா காலேஜு? தம் புடிச்சு அடிச்சாப் போதாதா?" என்றார் அத்தை.

"தண்ணி, காத்து எல்லாம் கெடாம பாத்துக்கிற படிப்பு அத்தை" என்றேன் நான், ஒரு பாதித் தலையங்கத்தின் பலத்தில்.

"அந்தப் பொண்ணு காத்தை எப்படிடா பாக்கும்? உனக்குக் கண்ணுக்குத் தெரியுதா?"

மீதிப் பாதியைப் படித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

திருச்சியில் இறங்கி, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் சேர்ந்தோம். காவேரி செந்நிறமாகப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. பாலத்தைக் கடக்கும்போது அத்தை பஸ்ஸுக்குள்ளேயே எழுந்து நின்று கும்பிட்டார். ஆற்றில் இறங்கிக் குளிக்க நேரமில்லையே என்ற குறை அவருக்கு. அந்தக் குறைதான் பின்னால் நடந்த அனைத்துக்கும் மூலம்.

பெண் வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. பெண் உள்ளே அலங்காரத்தில் இருந்தார். சாமி கும்பிடுகிறேன் என்று அத்தை பூஜை அறைக்குப் போனார். அங்கே சாமி படங்களுக்கு முன்னால் நான்கு கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. நான்கிலும் தண்ணீர். நான்கின் நெற்றியிலும் குங்குமம்.

ஐயா, அம்மணி, அவை மறுநாள் இன்டர்வியூவுக்கு உரியவை. நான்கு இடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து, தங்கள் சோதனைக்கூடத்திலேயே சோதித்துக் காட்ட வேண்டும் என்பது ஆலைக்காரர்களின் உத்தரவு. முதலாவது அம்மா மண்டபத்துப் படித்துறையில் எடுத்தது. இரண்டாவது கொள்ளிடத்தில் எடுத்தது. நான்காவது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவது, உறையூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் எடுத்தது. வெயில் படாத இடம், யாரும் கை வைக்காத இடம் என்று பூஜை அறையைத் தேர்ந்தெடுத்திருந்தார் பெண். அவருடைய தாயாரோ, அந்த அறையில் எது இருந்தாலும் காலையில் குளித்துவிட்டு வந்து குங்குமம் வைத்துவிடுவார். சற்று அசையாமல் நின்றால் எனக்கும் வைத்திருப்பார்.

பெருக்கு நாள், சாமி முன்னால் குங்குமம் இட்ட தண்ணீர், அதிலும் மூன்றாவது பாட்டில் செக்கச்செவேல் என்று இருக்கிறது. காவேரிக் கரையைச் சேர்ந்த யார்தான் சந்தேகப்படுவார்கள்?

"புதுப்புனல்! நெறத்தைப் பாரு, சாமி! நாம ஆத்துக்குப் போகலேன்னு ஆறே வந்திருக்கு" என்று அத்தை பாட்டிலைக் கூடத்துக்கே எடுத்து வந்துவிட்டார். முதலில் தாம் ஒரு கை அருந்தினார். பிறகு என் தந்தைக்கு. பிறகு எனக்கு. அது என்ன பாட்டில் என்று அறியாத பெண்ணின் தந்தையும் மரியாதைக்குக் கை நீட்டினார். எஞ்சியதை அத்தை எங்கள் தலைகளில் தெளித்தார். சற்றுக் கசந்தது. பக்தியின் காரணமாக ஒருவரும் வெளியே சொல்லவில்லை.

அப்போது கேசரித் தட்டுடன் பெண் வந்தார். அவர் பார்வை என் மீது விழவில்லை. அத்தையின் கையிலிருந்த பாட்டில் மீது விழுந்தது.

"அதுல இருந்த தண்ணி எங்க?"

"எல்லாரும் ஆளுக்கு ஒரு கை குடிச்சோம்மா. உனக்குத்தான் இல்லாம போச்சு" என்றார் அத்தை, வருத்தத்துடன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு பெண் என் அருகே வந்தார். என் வருங்கால மனைவி, பெண் பார்க்கும் வைபவத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது:

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினேன். செம்பருத்தியைப் போல் இருந்ததாகப் பின்னர் தெரிவித்தார். என் தந்தை நீட்டினார். பெண்ணின் தந்தை நீட்டினார். அத்தை மட்டும், "எதுக்கு? நான் எதுக்கு நீட்டணும்?" என்று கேட்டு வாயைத் திறந்ததில், நீட்டாமலேயே தெரிந்துவிட்டது. அத்தெருவில் அதற்கு முன்போ பின்போ, சம்பந்திகள் வரிசையாக நாக்கை நீட்டி நிற்க, டார்ச் விளக்குடன் ஒரு மணப்பெண் பார்வையிட்ட நிகழ்ச்சி நடந்திராது.

"அம்மா, அது காவேரித் தண்ணி இல்ல. சாயப்பட்டறை வாய்க்கால் தண்ணி."

அத்தை காலிப் பாட்டிலின் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தார். "சாமிக்கு முன்னால வச்ச பிறகு எல்லாம் காவேரிதாம்மா" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

உடனே எங்களுக்கு மோர் வந்தது. உப்பு நீர் வந்தது. புளிக்கரைசல் வந்தது. ஒவ்வொன்றாகக் கொப்பளிக்கச் சொல்லிய பெண், ஒவ்வொரு முறையும் நாக்கைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். வயிற்றுக்குக் கேடு ஒன்றும் நேரவில்லை என்று உறுதியான பிறகுதான் அவர் கண் கலங்கியது. அந்தப் பாட்டில் இல்லாமல் நாளைக்கு எப்படி இன்டர்வியூவுக்குப் போவது?

"இன்னொரு பாட்டில் எடுத்துக்கலாம். நான் கூட வர்றேன்" என்றேன். மணமாகாத இருவர் தனியே போகலாகாது என்று அத்தையும் புறப்பட்டார். பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் அத்தையே வீற்றிருந்தார். உறையூர் போய்ச் சேர்ந்தால், பெருக்குக்கு விடுமுறை விட்டுப் பட்டறை பூட்டிக் கிடந்தது. ஆட்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். வாய்க்கால் பளிங்கு போல ஓடிக்கொண்டிருந்தது.

"இது நல்லாத்தானே இருக்கு! இதைப் போயிக் குத்தம் சொன்னியே" என்றார் அத்தை.

"கொஞ்சம் குங்குமம் கலந்துக்கலாமா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். எச்சில் இலைக் கூடையின்போது பார்த்த அதே பார்வையைப் பெண் பார்த்தார். காலிப் பாட்டிலோடு திரும்பினோம்.

அன்றிரவு பெண் வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் காலை, காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது அத்தையும் செருப்பைப் போட்டுக்கொண்டார். "குடிச்சது நாங்க. நாங்க வந்து சொல்றதுதான் மொறை" என்றார். தந்தை முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டார். இவ்வாறாக, அந்த ஆலை கண்ட இன்டர்வியூக்களில் மாப்பிள்ளை வீட்டார் சாட்சியாக ஆஜரானது அது ஒன்றே.

அதிகாரி வயதில் மூத்தவர், கறாரானவர். எங்களைக் கதவருகே நிற்க அனுமதித்தார்.

"இதென்னம்மா காலிப் பாட்டில்? பொட்டு வேற வச்சிருக்கு?"

"மூணாவது தண்ணி அதுலதான் சார் இருந்துச்சு. இப்ப இல்ல."

"எங்க போச்சு?"

"இங்க இருக்கு!" என்று கதவருகிலிருந்து குரல் கொடுத்து, அத்தை தம் வயிற்றைத் தட்டிக் காட்டினார். அதிகாரி கேட்காமலேயே நாக்கையும் நீட்டினார். நாங்களும் ஒத்துழைத்தோம்.

அதிகாரி எழுந்து, மேஜையைச் சுற்றி எங்கள் அருகே வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு நாற்காலியில் போய் அமர்ந்து, "சரி, இதுலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்றார்.

பெண் தடுமாறவில்லை. "மோர்ல போகல சார். உப்புல போகல. புளியில கொஞ்சம் வெளுத்துச்சு, முழுசாப் போகல. அப்படின்னா இது தொட்டியில விட்டுத் தெளிய வச்சா மட்டும் போற சாயம் இல்ல. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுப் பாக்கணும். அதுலயும் போகலேன்னா கரியில வடிகட்டணும். ஆனா இதெல்லாம் யூகம்தான் சார். தண்ணி கையில இருந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"இனிமே எடுக்கிற தண்ணியை எங்கே வைப்பே?"

"பூஜை ரூம்ல வைக்க மாட்டேன் சார்."

அதிகாரி முதன்முதலாகச் சிரித்தார். "காலைலேருந்து வந்தவங்க எல்லாரும் நாலு பாட்டில் கொண்டாந்தாங்க. நாலும் ஒரே குழாய்த் தண்ணி. இல்லாததை இல்லேன்னு சொன்னது நீ ஒருத்திதான். அடுத்த வாரம் வந்து சேந்துக்க."

"ஆவணியில கல்யாணம். லீவு குடுப்பீங்கல்ல?" என்றார் அத்தை, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு. வையம்பட்டித் தென்னந்தோப்பு அந்தக் கணத்தில் எங்கள் குடும்பச் சரித்திரத்திலிருந்து நீங்கியது. அதிகாரி விடுப்பும் கொடுத்தார், முறுக்கையும் எடுத்துக்கொண்டார்.

திருமணப் புகைப்படத்தில் நான் வாயை இறுக மூடியிருப்பதைப் பார்த்து, கோபக்கார மாப்பிள்ளை என்று சிலர் நினைக்கிறார்கள். சாயம் முழுவதும் போய்விட்டதா என்ற ஐயம்தான் காரணம்.

அவருடன் படித்தவர்களில் ஒருவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் கழிவுநீரைக் கவனித்தார். ஒருவர் கல்லூரியில் பாடம் சொல்லப் போனார். ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆகி, எங்கள் வீட்டிலேயே இரண்டு பாலிசி பிடித்தார். வழி பலவாக உண்டு என்பதை இதன்மூலம் பெற்றோர் அறியலாம். அத்தை இருந்த வரையில், பெருக்கு தோறும் ஆற்றுத் தண்ணீரைச் சொம்பில் எடுத்து வந்து முதலில் என் மனைவியிடம் நீட்டி, "ஏம்மா, குடிக்கலாமா?" என்று கேட்பார். என் மனைவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "காய்ச்சிட்டுக் குடிங்க" என்பார். காய்ச்சிய காவேரியைத்தான் அத்தை கடைசிவரை தலையில் தெளித்துக்கொண்டார்.

ஐயா, அம்மணி, இந்தக் காகிதத்தைக் கிழித்துப் பொட்டலம் மடித்துவிட வேண்டாம். முழுதாகப் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.