தேவையில்லை என்று எழுதிய மெரின்

மெரின் ஹாக்கிங் ஒவ்வொரு மே மாதமும் வீட்டைக் காலி செய்வாள். ஒவ்வொரு அக்டோபரிலும் அதே வீட்டுக்குத் திரும்பி வருவாள். ஆறு வருடம் இப்படி ஓட்டினாள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் டிரெவானிக்கில் இதை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. துறைமுகத்துக்கு மேலே வரிசையாக நிற்கும் நாற்பது வீடுகளில் முப்பத்தொன்று லண்டன்காரர்களுடையவை. கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவார்கள். குளிர்காலத்தில் பூட்டி வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்று எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டுக் குடிவைப்பார்கள். அடுப்பை மூட்டிச் சுவரைக் காய வைக்க ஓர் ஆள் வேண்டும், அதற்குப் பெயர் குளிர்கால வாடகை.

மே வந்ததும் மெரின் சாமான்களைப் பெட்டிகளில் கட்டுவாள். பாதியை என் கார் கொட்டகையில் போட்டுவிட்டு, ஒன்பது வயது மகள் டாம்சினைக் கூட்டிக்கொண்டு ஒரு மாட்டுப் பண்ணையின் ஓரத்தில் நிற்கும் கேரவனுக்கு, சக்கரம் வைத்த ஒற்றை அறை வண்டிக்கு, போவாள். அங்கே அக்டோபர் முப்பத்தொன்று வரைதான் தங்கலாம், அதற்கு மேல் அனுமதி கிடையாது. டாம்சினின் அப்பா ஓடிப்போய் எட்டு வருடம் ஆகிறது. அந்த ஆளைப் பற்றி எழுதி மையை வீணாக்க நான் தயாரில்லை.

வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதுதான். சனிக்கிழமைகளில் விடுமுறை வீடுகளைச் சுத்தம் செய்வாள். அதில் ஒன்று அவள் பிறந்த வீடு. அப்பா செத்ததும் அண்ணன்கள் விற்றுவிட்டார்கள். தன் அம்மா படுத்திருந்த அறையில் யாரோ உதறிப்போட்ட படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு, மதியம் ஊர்க் கடைக்கு வந்து, இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்று வாங்கித் தின்றுவிட்டுப் போவாள். ஒரு முறைகூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

நான் ஹிலரி, ஊர்ச்சபையின் எழுத்தர். வாரத்தில் பத்து மணி நேரத்துக்குச் சம்பளம், முப்பது மணி நேரத்துக்கு ஏச்சு.

போன வருடம் மாவட்டத்தில் புதிய வளர்ச்சித் திட்டம் போட ஆரம்பித்தார்கள். எந்த ஊரில் எந்த நிலத்தில் வீடு கட்டலாம் என்று பதினைந்து வருடத்துக்குத் தீர்மானிக்கும் திட்டம். எங்கள் ஊரில் மேட்டு வயலைக் குறித்திருந்தார்கள். பதினான்கு வீடுகள். உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும், தாங்கக்கூடிய வாடகைக்கு. ஆனால் ஊரில் அத்தனை பேருக்குத் தேவை இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்காக பிப்ரவரியில் வீட்டுக்கு ஒரு படிவம் போனது. பெயர் எழுத வேண்டாம், நிரப்பி உறையில் போட்டு என் அலுவலகப் பெட்டியில் போட்டால் போதும்.

பெயர் வேண்டாமாம்! இந்த ஊரில் யார் கையெழுத்து எனக்குத் தெரியாது? உறையைப் பிரித்து எண்ணுகிறவள் நான்தான் என்பதும் ஊருக்கே தெரியும்.

மெரினின் படிவம் மூன்றாவது நாளே வந்தது. சாய்ந்து சாய்ந்து ஓடும் அந்த எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ‘உங்கள் தற்போதைய வீடு போதுமானதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’. ‘ஐந்து வருடத்துக்குள் வேறு வீடு தேவைப்படுமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’. அடியில் ஒரு வரி: ‘நாங்கள் நன்றாகவே சமாளிக்கிறோம். நிஜமாகத் தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைக்கட்டும்.’

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வருடத்தில் ஆறு மாதம் வெளிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவள் எழுதுகிற எழுத்தா இது? ஆனால் எனக்குப் புரியாமலும் இல்லை. ஹாக்கிங் குடும்பம் ஐந்து தலைமுறையாக இங்கே மீன் பிடித்தது. கஷ்டம் என்று வாயைத் திறந்து சொல்வது எங்களுக்குச் செத்துப்போவதைவிடப் பெரிய அவமானம். கால் உடைந்து கிடந்தால்கூட ‘பரவாயில்லை, லேசான வலிதான்’ என்போம். அன்றைக்கே அவளிடம் போய், “ஏன்டி இப்படி எழுதினே?” என்று கேட்டிருக்கலாம். பெயரில்லாப் படிவத்தைப் படித்துவிட்டு நான் எப்படிக் கேட்பது? வாயை மூடிக்கொண்டு ‘தேவையில்லை’ அடுக்கில் வைத்தேன்.

கடைசியில் தேவை உள்ள குடும்பங்கள் மூன்று என்று வந்தது. மூன்று! எனக்குத் தெரிந்தே ஒன்பது குடும்பங்கள் இருந்தன. மெரினையும் சேர்த்து ஆறு பேர் இப்படிப் பெருந்தன்மை காட்டியிருந்தார்கள்.

ஏப்ரலில் லண்டனில் இருக்கும் வீட்டுக்காரர்களிடமிருந்து மெரினுக்கு இரண்டு பத்திக் கடிதம் வந்தது. இனிமேல் குளிர்காலத்திலும் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கே விடப்போகிறார்கள், அக்டோபரில் அவள் திரும்பி வர வேண்டியதில்லை, இத்தனை நாள் வீட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“ஹிலரி, அந்தப் படிவம் இருக்குல்ல, அதை மாத்திக் குடுக்க முடியுமா?”

“கணக்கு முடிஞ்சு அனுப்பியாச்சு மெரின்.”

“ஒரே ஒரு டிக்குதான். நான் தப்பாப் போட்டுட்டேன்.”

“எது உன்னோடதுன்னு எனக்குத் தெரியவே கூடாது. விதி அப்படி.”

“உங்களுக்குத் தெரியாதா?” என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

“தெரியும்.”

பிறகு நான்தான் சொன்னேன், மேட்டு வயலைப் பற்றி முடிவெடுக்க செப்டம்பரில் ஊர்க்கூட்டம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம், அங்கே வந்து சொல் என்று. “எல்லார் முன்னாடியுமா?” என்றாள். எல்லார் முன்னாலும்தான். கோடை முழுக்க வீடு தேடி அலைந்தாள். முப்பது மைல் சுற்றளவில் ஒன்றும் அகப்படவில்லை. மாவட்ட அலுவலகத்தில் கேட்டதற்கு, தெருவுக்கு வந்தபிறகு சொல், ஐம்பது மைல் தள்ளி ஒரு விடுதியில் அறை தருகிறோம் என்றார்கள். ஐம்பது மைல் போனால் இங்கே வேலை போகும், டாம்சினுக்குப் பள்ளி போகும். மேட்டு வயல் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் மட்டும், வீடு வரப்போகிறது என்று காட்டிப் பண்ணைக்காரரிடம் கேரவனுக்குத் தனி அனுமதி வாங்கித்தர முடியும் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் செப்டம்பர் வரை இருந்தோம்.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மெரின் தனியாக வரவில்லை. மிசஸ் நான்ஸின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மிசஸ் நான்ஸுக்கு எண்பத்தேழு வயது. மேட்டு வயலுக்கு எதிர்வீடு. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, தினமும் காலையில் அந்தக் கையைப் பிடித்து நீவி, மடக்கி நீட்டி, எட்டு மாதத்தில் தோளுக்கு மேல் தூக்க வைத்தவள் மெரின். கூட்டத்துக்கு அழைத்து வர வேறு ஆள் இல்லை என்று இவளையே கேட்டிருந்தாள்.

முதலில் ரோலண்ட் ஹேடாக் எழுந்தார். ஓய்வுபெற்று இங்கே வந்து நான்கு வருடம். அட்டையில் பெரிய எழுத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“நான் வீட்டுக்கு எதிரியில்லை. தேவைக்கு ஏத்த வீடுன்னுதான் சொல்றேன். நம்ம சபையே எடுத்த கணக்கு. தேவை மூணு. கட்டப்போறது பதினாலு. மீதி பதினொண்ணு யாருக்கு?”

“உன் வீடு கட்டறப்ப அந்த இடமும் வயல்தான்யா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிப்பு எழுந்தது. ஹேடாக் அசரவில்லை. “படிவம் எல்லார் வீட்டுக்கும் போச்சு. பேர்கூடக் கேக்கலை. தேவை இருந்தா எழுத வேண்டியதுதானே? இந்த ஊர்ல வீடில்லாம யார் இருக்கா, காட்டுங்க பாக்கலாம்.”

மெரின் கையைத் தூக்கினாள். சக்கர நாற்காலியின் பிடியை விடாமலேயே பேசினாள்.

“நான்தான். கேரவன்ல இருக்கேன். அடுத்த மாசம் முப்பத்தொண்ணாந்தேதிக்கு அப்புறம் அதுவும் இல்லை. படிவத்துல தேவையில்லைன்னு எழுதினேன். அது பொய். எழுத வெக்கமா இருந்துச்சு. உங்க வீட்டுக்கெல்லாம் காலையில வர்றேன், அடுத்த நாள் எப்படி உங்க முகத்துல முழிக்கிறதுன்னு...” நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். “என்னை மாதிரி இன்னும் இருக்காங்க. இங்கேயே உக்காந்திருக்காங்க. நான் பேர் சொல்ல மாட்டேன். தயவுசெஞ்சு நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க.”

அப்படி எழுதிய மற்ற ஐந்து பேரையும் நான் பார்த்தேன். ஒருவன் தொப்பியைத் திருகினான். ஒருத்தி பையில் எதையோ தேடினாள். யாரும் எழவில்லை. மெரின் காத்துக்கொண்டு நின்றாள், மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூன்று நிமிடம் ஆகியிருந்தது. இருபது வருடப் பழக்கம், என் கை தானாகப் போய் மேசை மணியை அடித்துவிட்டது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

பிறகு ஆரம்பித்தது அன்பு. “அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா!” என்றார்கள். ஒருத்தி கேக் செய்து தருவதாகச் சொன்னாள். இன்னொருத்தி, சாமான் வைக்க இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கொண்டு வா என்றாள். மனிதர்களை வைக்க இடம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஹேடாக் நிஜமாகவே வருத்தப்பட்டார், அதையும் சொல்லியாக வேண்டும். “ரொம்ப வருத்தமா இருக்கும்மா” என்றபடியே பேனாவை எடுத்து, அட்டையில் மூன்றை அடித்து நான்கு என்று எழுதினார். “சரி, நாலு. நாலு பேருக்குப் பதினாலு வீடா?”

வயலைத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று தலைவர் கை தூக்கச் சொன்னார். சேர்க்கலாம் என்று இருபத்திரண்டு கை. அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் அதற்குக்கூடத் தூக்கவில்லை. வேண்டாம் என்று எழுபத்தொன்று. எண்ணியது நான்தான். அறுபத்தெட்டாவதாக எண்ணியது மிசஸ் நான்ஸின் வலது கையை. தோளுக்கு மேலே, ஆடாமல் நின்றது. நாற்காலிக்குப் பின்னால் மெரின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேட்டு வயல் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. கேரவன் அனுமதிக்காகப் பண்ணைக்காரரிடம் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அக்டோபர் மாதத்தில் நான் யார் யாரிடம் கெஞ்சினேன் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் வீட்டில் இருக்கச் சொன்னேன். என் கணவரின் படுக்கையும் ஆக்சிஜன் உருளையும் கூடத்திலேயே கிடக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு, “எங்கே ஹிலரி, கூரை மேலயா?” என்று சிரித்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை, மாவட்ட அலுவலகம் சொன்ன அந்த விடுதிக்கு அவர்களை என் காரில் கொண்டுபோய் விட வேண்டும். “முதல்ல மிசஸ் நான்ஸ் வேலையை முடிச்சுடறேன்” என்றாள் மெரின். இன்றோடு வேலை போகிறது என்று தெரிந்தும்! டாம்சினைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு நானும் உள்ளே போனேன். குளிப்பாட்டி, தலை துவட்டி, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு யார் வருவா புள்ள?” என்று கிழவி கேட்டாள்.

“தெரியலை. ஆள் தேடறாங்களாம். இங்கே தங்க இடமில்லைன்னு யாரும் வர மாட்டேங்கறாங்களாம்.”

“நீ அந்தப் படிவத்துல வீடு வேணும்னு எழுதியிருக்கலாம் கண்ணு.”

மெரினின் கை நின்றது. “எழுதியிருந்தா? முன்னாடியே உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா? இந்தக் கையைத் தூக்காம இருந்திருப்பீங்களா?”

மிசஸ் நான்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். நான் மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன், பொய்யாவது சொல்லித் தொலை கிழவி, ஒரு பொய்தானே என்று.

“தூக்கித்தான் இருப்பேன். அந்த வயலை விட்டா எனக்குப் பாக்க என்ன இருக்கு? உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன் கண்ணு.”

மெரின் மீதி மூன்று பொத்தான்களையும் போட்டாள். கம்பளியை இழுத்துவிட்டாள். மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

காரைக் கிளப்பினேன். டாம்சின் பின்னால் தூங்கிவிட்டாள். நெடுஞ்சாலை வந்தபிறகு மெரின் கேட்டாள்.

“அடுத்த கணக்கெடுப்பு எப்போ?”

“அஞ்சு வருஷம் கழிச்சு.”

“அந்தத் தடவை உண்மையை எழுதுவேன். பெரிசா எழுதுவேன். எனக்கு ஒண்ணு அனுப்பிடுங்க, ஹிலரி.”

நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன். படிவம் யாருக்குப் போகும் என்ற விதி இருபது வருடமாக எனக்கு மனப்பாடம்.

“என்ன?” என்றாள்.

“படிவம் ஊருக்குள்ள வீடு இருக்கறவங்களுக்குத்தான் போகும், மெரின்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள், குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று சத்தமில்லாமல். நான் வண்டியை நிறுத்தவில்லை. விடுதியில் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சாவி வாங்காவிட்டால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.