லாய்டு பார்த்தால் தோற்கும்

லாய்டு ஹுடாக் கெட்ட மனிதர் இல்லை. மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். யார் வீட்டு முன்னால் கார் பனியில் புதைந்தாலும், கேட்பதற்கு முன்பே மண்வாரியோடு வந்து நிற்கிறவர். அப்படிப்பட்டவரை ஓஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர், இலை பழுத்து அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கினால் மட்டும், அம்மை வந்தவரைப் போல ஒதுக்கி வைத்தது. காரணம் ஒன்றுதான். லாய்டு ஆட்டத்தைப் பார்த்தால் அணி தோற்கும்.

இது வதந்தி இல்லையாம், நிரூபணமான உண்மையாம். பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருநகரத்தின் தொழில்முறை அணியான படகோட்டிகள் எக்கச்சக்கமாக முன்னிலையில் இருந்தார்கள். லாய்டு வேலை முடித்து வந்து, பூட்ஸைக் கழற்றி, சோபாவில் சாய்ந்து, "இனிமே இவங்க தோக்க வழியே இல்ல" என்றார். தோற்றார்கள். சரி, தற்செயல் என்று அடுத்த வாரமும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் தோற்றார்கள். மூன்றாவது வாரம் அவரை வெளியே அனுப்பினார்கள், அணி ஜெயித்தது. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு லாய்டு இல்லாமலே அணி எத்தனையோ முறை மண்ணைக் கவ்வியது. அப்போதெல்லாம், "எங்கயாவது கண்ணாடி வழியா எட்டிப் பாத்திருப்பான்" என்று அவருடைய மைத்துனன் ரஸ் சொல்லுவான். ரஸ் சொன்னால் ஊர் நம்பும். அவன் வருடம் முழுக்க அணியின் சட்டையையே போட்டுக்கொண்டு திரிகிறவன். கல்யாணத்துக்கும் அதேதான், சாவுக்கும் அதேதான்.

அந்த ஊரில் சனிக்கிழமை கல்லூரி அணிக்கு, ஞாயிற்றுக்கிழமை படகோட்டிகளுக்கு. நடுவில் கிடைக்கிற இரவில் தூங்கலாம். கல்லூரி அணிக்குச் செந்நரிகள் என்று பெயர். இரண்டு நாளும் லாய்டுக்கு வீட்டில் இடமில்லை. ஈ காக்கை இல்லாத பல்பொருள் கடையில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு, தேவையில்லாத பீன்ஸ் டப்பாக்களை எடுத்து எடுத்து வைப்பார். தேவாலயத்தில் பாதிரியாரே, ஆட்டம் தொடங்குவதற்குள் பிரசங்கத்தை முடித்துவிட்டு, வாசலில் லாய்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு எங்க இருப்பீங்க?" என்று கேட்பார். "கடைக்குப் போறேன்" என்றால், "கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பார்" என்பார், நிம்மதியாக. இவ்வளவும் போதாதென்று ஒரு கிறிஸ்துமஸுக்கு ரஸ், எதிரி அணியின் தொப்பியைப் பரிசாகக் கொடுத்தான். "நீ அவங்க ஆட்டத்தப் போய் உக்காந்து பாரு. ஊருக்கு உன்னால ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்."

லாய்டு சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அவருக்கு ஆட்டம் என்றால் உயிர். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

இப்படி இருக்கும்போது, அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மகன் கேலபிடமிருந்து போன் வந்தது. கேலப் செந்நரிகள் அணியில் மூன்று வருடமாக இருக்கிறான். இருக்கிறான் என்றால், தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறான். அவன் வேலை, பந்தை உதைக்கிற சமயத்தில் குனிந்து, கால்களுக்கு இடையே அதைப் பின்னால் இருப்பவனுக்கு எறிவது. அந்த வேலைக்கு அவனுக்கு முன்னால் ஒருவன் இருந்தான். அவனுடைய விரல் கார் கதவில் நசுங்கிவிட்டது.

"அம்மா, நாளைக்கு நான் ஆடறேன்" என்றான் கேலப்.

லாய்டின் மனைவி டோரீன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். ரஸ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் லாய்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"நான் போறேன்" என்றார் லாய்டு.

"நீ போகல" என்றாள் டோரீன்.

"என் பையன் டோரீன்."

"அதனாலதான் சொல்றேன். மூணு வருஷம் காத்துக் கெடந்திருக்கான். நாளைக்கு அவன் கை தவறி ஏதாவது ஆச்சுன்னா, நீ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனப் பாப்ப?"

"என் கண்ணு என்ன பண்ணும் அவன் கைய?"

"அத அந்தப் படகோட்டிகள்கிட்ட கேளு" என்றான் ரஸ். "குடும்பத்துக்கு ரெண்டு டிக்கெட்டுதான் குடுப்பாங்க. அக்காவும் நானும் போறோம். முடிஞ்சுது."

லாய்டு போனை வாங்கினார். "கேலப், நான் வரட்டுமாடா?"

பையன் சொன்னான்: "அப்பா... நீ வாயேன். வந்து, வண்டி நிறுத்தற எடத்துல இருக்கலாம்ல?"

மைத்துனன் சொன்னதை அவர் பதினைந்து வருடம் காதில் போட்டுக்கொண்டதில்லை. மனைவி சொன்னதும் பழகிவிட்டது. இதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. "சரிடா, சாசேஜ் சுட ஆள் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு, குப்பை கொட்டப் போவதாக வெளியே போனார். குப்பைக் கூடை உள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலே, ஆட்டத்துக்கு முன்னால் காருக்குப் பக்கத்தில் சமைத்துச் சாப்பிடும் கூட்டத்தால் மைதானத்து வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது. கரி அடுப்புப் புகை, பீர், உருளைக்கிழங்கு சாலட், சிவப்புச் சாயம் பூசிய நாய்கள். படித்தவர், படிக்காதவர், பல் வைத்தியர், நீதிபதி என்று எல்லோரும் தலையில் நரிவால் கட்டிக்கொண்டு ஊளையிட்டார்கள். இந்த ஊளை சம்பிரதாயமாம். லாய்டின் கண்ணில்தான் கோளாறு என்று சொன்னவர்களும் இவர்கள்தான்.

உள்ளே போகும் முன் ரஸ் அவரை அடுப்புக்கு முன்னால் நிறுத்தினான்.

"சத்தியம் பண்ணு. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்னு."

"அடுப்ப வேணா பாக்கலாமா?"

"அடுப்பப் பாரு. ரேடியோ கேக்காத."

ரேடியோ பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனான்.

லாய்டு சாசேஜ் சுட்டார். மைதானத்தின் இரைச்சலைக் கொண்டே ஆட்டத்தைப் படிக்கப் பார்த்தார். ஊளை வந்தால் நல்லது, அமைதி வந்தால் கெட்டது. அமைதிதான் அதிகமாக வந்தது. அவர் பார்க்காமலேயே அணி நன்றாகத் திணறிக்கொண்டிருந்தது. எந்த இரைச்சலில் தன் பையன் இருக்கிறான், எதில் இல்லை என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பந்தை எறிகிறவன் சரியாக எறிந்தால் யாரும் ஊளையிட மாட்டார்கள். தவறினால்தான் அவன் இருப்பதே தெரியும். கேலப் நன்றாக ஆடுகிறான் என்பதற்கு ஒரே அடையாளம், ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது.

ஆட்டம் கடைசிப் பகுதிக்கு வந்தபோது அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். வாசலில் டிக்கெட் பார்ப்பவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக உள்பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். லாய்டு அவர்களுக்குப் பின்னால் புகுந்து, படி ஏறி, கடைசி வரிசைத் தூணோரம் ஒளிந்துகொண்டார். அங்கே நின்று தனக்குத்தானே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. பையனை மட்டும் பார்க்கலாம். உதைக்கிற நேரம் வந்தால் கண்ணைத் திறப்பது, பந்து பையன் கையை விட்டதும் தூணைப் பார்த்துக்கொள்வது. பதினைந்து வருடம் ஒதுக்கப்பட்டால் எவ்வளவு தெளிந்த மனிதனுக்கும் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

முதல் தடவை கண்ணைத் திறந்தார். பையன் குனிந்தான், எறிந்தான், பந்து போய்ச் சேர்ந்தது. தூண். இரண்டாவது தடவையும் அப்படியே. தூணில் யாரோ காதலியின் பெயரைக் கீறியிருந்தார்கள். அதை நன்றாகப் படித்தார். மூன்றாவது தடவை அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. செந்நரிகள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி, வெற்றி. அதோடு ஆட்டமும் முடியும்.

கேலப் குனிந்தான். லாய்டு தூணை மறந்தே போனார்.

பந்து பையனின் கால்களுக்கு நடுவிலிருந்து புறப்பட்டு, கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போய், பிடிக்கிறவனின் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அவ்வளவு அழகை லாய்டு தன் வாழ்க்கையில் கண்டதில்லை. அதற்குப் பிறகு உதைக்கிறவன் அதை உதைத்து, அது கம்பத்துக்கு வெகு தூரம் தள்ளி, வாத்தியக்காரர்களின் ஊதுகுழலுக்குள் போய் விழுந்தது. அதெல்லாம் அவர் மனதில் ஏறவேயில்லை. அத்தனை ஆயிரம் பேர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அரங்கத்தில், ஒரே ஒரு மனிதர் கைதட்டிக்கொண்டு நின்றார்.

அதனால்தான் ரஸ் கண்ணில் மாட்டினார்.

"பாவி" என்றான் ரஸ், வண்டிக்கு வந்ததும். கத்தவில்லை, அழுகிற குரலில் சொன்னான். "எத்தன வருஷ உழைப்பு. ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையா உனக்கு?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு புள்ளி கம்மிதான ரஸ்?"

"நீ வரப்போறது அதுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு."

டோரீன் கருகிப்போன சாசேஜுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைப் பையில் போட்டாள், லாய்டின் விரல்களைப் போடுவது போல.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு கேலப் வந்தான். மாமன் அதற்குள் விஷயத்தை அவன் காதில் போட்டுவிட்டான். பையன் நேரே அப்பாவிடம் வந்து நின்றான்.

"உள்ள வந்தியாப்பா?"

"வந்தேன்."

"பாத்தியா?"

"மூணு எறி பாத்தேன். தப்புதான்."

"கடைசி எறி எப்படி?"

லாய்டு மைத்துனனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு சொல்லிவிட்டார். "கயிறு கட்டி இழுத்த மாதிரி."

"என் கூட ஆடறவன் ஒருத்தன்கூட அதச் சொல்லலப்பா" என்றான் கேலப். பிறகு ரஸ் பக்கம் திரும்பி, "மாமா, ஒதச்சவன் வேற ஆளு. அவனப் போய்த் திட்டு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து வந்த லாய்டு, கடைக்குப் போகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, கூடத்தில் டிவிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

டோரீன் கார் சாவியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அவர் அதை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நேத்து பட்டது போதாதா?" என்றாள்.

"நேத்து நான் பாத்தேன். நான் பாத்த மூணும் நல்லபடியாதான் போச்சு. என் கண்ணுல வெஷம் இல்ல டோரீன். இது என் வீடு, இது நான் வாங்கின நாற்காலி. வேணும்னா நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போங்க."

ரஸ் கெஞ்சினான். மிரட்டினான். டிவியின் மேல் போர்வையைப் போட்டு மூடி, ஒரு ஓரத்தைத் தூக்கித் தான் மட்டும் பார்க்க முயன்றான். கழுத்து வலித்ததால் விட்டுவிட்டான். எதற்கும் லாய்டு அசையவில்லை. ஆட்டம் தொடங்கியது.

படகோட்டிகள் மூழ்கினார்கள். பாதி ஆட்டத்துக்குள் பார்க்கச் சகிக்காத நிலை. ரஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். டோரீன் மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்புக் கிண்ணத்தை லாய்டின் வயிற்றில் இடிக்காத குறையாகக் கையில் திணித்தாள். நேற்று படி ஏறியதில் லாய்டுக்கு முழங்கால் வலி. கிண்ணத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, இடது காலைத் தூக்கி எதிரே இருந்த முக்காலியில் வைத்தார்.

அந்த நொடியில் எதிரணிக்காரன் பந்தைக் கை நழுவ விட்டான். படகோட்டி ஒருவன் அதை அள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளி எடுத்தான்.

ரஸ் மெல்லத் திரும்பினான். டிவியைப் பார்க்கவில்லை. லாய்டின் காலைப் பார்த்தான்.

"இப்ப என்ன பண்ண நீ?"

"கால மேல வெச்சேன்."

"எடுக்காத."

அடுத்த முறையும் புள்ளி. அதற்கடுத்த முறையும். லாய்டு கிண்ணத்தைக் கீழே வைக்கக் குனிந்தபோது எதிரணி ஒருமுறை முன்னேறியது. டோரீனே பாய்ந்து வந்து கிண்ணத்தைப் பழைய இடத்தில் பிடித்து வைத்தாள். முடிவில் படகோட்டிகள் ஜெயித்தார்கள். ரஸ் லாய்டின் நெற்றியில் முத்தம் கொடுத்தான், மிக ஜாக்கிரதையாக, தலை ஆடிவிடாதபடி.

லாய்டுக்குக் கண் கலங்கியது. பதினைந்து வருடத்துப் பழி கழிந்தது என்றுதான் அந்த நல்ல மனிதர் நினைத்தார். எழுந்திருக்கப் போனார்.

"எங்க?" என்றான் ரஸ்.

"ஆட்டம்தான் முடிஞ்சுதே."

"நம்ம ஆட்டம் முடிஞ்சுது. சாயங்காலம் அந்த இன்னொரு ஆட்டத்துல பச்சைச் சட்டைக்காரங்க தோத்தாதான் நாம பட்டியல்ல மேல வருவோம். அப்படியே இரு."

"எனக்கு அவசரமா போகணும் ரஸ்."

"வெளம்பரம் வரட்டும், கூட்டிட்டுப் போறேன். கால நானே தூக்கிப் புடிச்சுக்கறேன்."

லாய்டு மனைவியைப் பார்த்தார். கிண்ணத்திலிருந்து குழம்பைக் கரண்டியால் எடுத்து, டோரீன் அவர் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். கையை அசைக்கக் கூடாதல்லவா. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி ஊட்டியதில்லை.

"இந்தக் குழம்பையே அடுத்த ஞாயித்துக்கிழமையும் வெக்கணும்" என்றாள் அவள். "இதே கிண்ணம். கழுவ மாட்டேன்."

லாய்டு ஒரு வாய் விழுங்கினார். ஆறிப்போயிருந்தது.

"டோரீன், நாளைக்கு நான் வேலைக்குப் போலாம் இல்ல?"

டோரீன் தம்பியைப் பார்த்தாள். ரஸ், திங்கட்கிழமை ஆட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பட்டியலைப் பார்க்கத் தொடங்கினான்.