எழிலின் இடது காலுக்கு ஆதாரம் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் கடைத்தெருவில் ஒருவர் என்னை நிறுத்தினார். நிறுத்தினார் என்றால்… ஸ்கூட்டியின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

“நில்லும்மா. நீ இன்னாதான் நெனச்சினு இருக்க?”

சிமெண்ட் கடை மாமா. எங்கள் தெருவில் பிறந்து, இன்று வெளிமாநிலத்தில் ஒரு பெரிய கிளப்புக்குக் கால்பந்து ஆடும் எழிலரசனின் சொந்தச் சித்தப்பா.

“இன்னா மாமா ஆச்சு?”

“நெட்டுல நம்ம எழிலு பக்கத்துல ‘இந்தியாவின் தங்கக் கால்’னு போட்டுருந்தன். எம் பொண்ணுதான் டைப் அடிச்சா. காலையில போட்டது சாயங்காலம் காணோம். யார் எடுத்தாங்கன்னு பாத்தா உம் பேரு இருக்குது.”

“தங்கக் கால்னு யார் மாமா சொன்னா?”

“நான்தான் சொல்றன்.”

“நீங்க சொன்னா பத்தாது மாமா.”

“ஏன், நான் அவனுக்குச் சித்தப்பன் இல்லியா?”

“அதனாலதான் பத்தாது.”

நல்லவேளை, மாமாவின் கடை வாசலில் ஒரு லோடு வந்து நின்றது. கண்ணாடியை விட்டார். “நாலு நல்ல வார்த்த போட்டா உனக்கு இன்னா கொறஞ்சுடும்?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

எனக்கு ஒன்றும் குறையாது. பக்கத்துக்குத்தான் குறையும்.

இந்தப் பத்தியை வாடிக்கையாகப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் வேலை. பட்டியல் போடாமல் கத்தரிக்காய்கூட வாங்க மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை இதுவரை இங்கே சொன்னதில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இருக்கும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில், எழிலரசனின் பக்கத்தைச் சில வருடங்களாக நான் கவனித்து வருகிறேன்.

சம்பளம் கிடையாது. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அவனுக்கே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

வேலை எளிதானது. அவன் ஒரு மேட்ச் ஆடினால் ஆட்டக் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும். கோல் போட்டால் அங்கும் ஒன்று. தோற்றால் ரசிகர்கள் வந்து திட்டி எழுதிவிட்டுப் போவார்கள்; அதை நீக்க வேண்டும். ஜெயித்தால் ‘சிங்கம்’, ‘புயல்’ என்று எழுதுவார்கள்; அதையும் நீக்க வேண்டும். யாரோ ஒருவர் அவன் உயரத்தை மாதம் ஓர் அங்குலம் கூட்டிக்கொண்டே போனார். விட்டிருந்தால் இந்நேரம் கோல் கம்பத்தில் தலை இடித்திருக்கும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு விதி. எதை எழுதினாலும் ஆதாரம் வேண்டும். உங்களுக்குத் தெரியும் என்பது ஆதாரம் அல்ல. உங்களுக்குத் தொடர்பில்லாத ஒருவர் எங்காவது வெளியிட்டிருக்க வேண்டும். என் அலுவலகத்திலும் இதுதான் பழக்கம் – ஸ்கிரீன்ஷாட் இல்லாத புகாரை நாங்கள் தொடுவதே இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. தெரிந்தவரைப் பற்றி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லியிருக்கிறேன்: ‘இவர் எங்கள் தெருக்காரர்.’ அதனால் எண்களைத் திருத்துவேன், மிகையை நீக்குவேன், அவ்வளவுதான். புதிதாக ஒரு வரி சேர வேண்டுமென்றால் அதனோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் கேட்பேன். முன்பின் தெரியாத ஒரு தொகுப்பாளர் பார்த்து, சரி என்றால் சேர்ப்பார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஒரே ஓர் ஓட்டையைத் தவிர.

அவன் பக்கத்தின் முதல் வரி, பிறந்தது கரிக்கலாம்பாக்கம் என்கிறது. இரண்டாம் வரி, பன்னிரண்டு வயதில் விளையாட்டு விடுதியில் சேர்ந்தான் என்கிறது. நடுவில் ஒன்றும் கிடையாது. ஒரு முற்றுப்புள்ளி, ஓர் இடைவெளி.

நான் அந்த இடைவெளியில்தான் இருந்தேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் நெல் வயலை மனை போட்டார்கள். மஞ்சள் அடித்த கற்களை வரிசையாக நட்டு, முப்பதடி ரோடு என்று செம்மண் கொட்டிச் சமப்படுத்திவிட்டுப் போனார்கள். பல வருடம் யாரும் வீடு கட்ட வரவில்லை. ஆக, எங்களுக்கு இலவசமாக ஒரு மைதானம் கிடைத்தது. கோல் கம்பத்துக்கு மனைக்கல். எல்லைக்கு ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் வாய்க்கால்.

பள்ளிவிட்டு வந்ததும் பெரிய பையன்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம் எழிலும் நானும் மட்டும். ஒருவருக்கு ஒருவர்.

அவன்தான் ஜெயிப்பான். எப்போதும். எனக்குச் சலித்துப்போனது. அழவெல்லாம் இல்லை – நோட்டை எடுத்து விதி எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

ஒன்று, வாய்க்காலில் அடித்தவர்தான் இறங்கி எடுக்க வேண்டும். இரண்டு, வீட்டில் கூப்பிட்டால் ஆட்டம் அப்படியே நிற்கும், ஸ்கோர் மாறாது. மூன்று, கல்லில் பட்டால் கோல் இல்லை. நான்கு, எழில் இடது காலால் மட்டும்தான் அடிக்க வேண்டும்.

கீழே இரண்டு கையெழுத்து. அவன் போட்ட முதல் ஆட்டோகிராஃப் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் சில மாதங்கள் எனக்குப் பொற்காலம். அவன் உதைத்தால் பந்து கரும்புக்குள் போகும், வாய்க்காலுக்குள் போகும், ஒருமுறை அவனே போனான். நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அவன் விதியை மீறவில்லை. பெரிய பையன்கள் வந்த பிறகும், அவர்களுக்கு நடுவிலும் இடது காலால்தான் அடித்தான். “இன்னாடா, நொண்டியா நீ?” என்று சிரித்தார்கள். “சுகன் ரூல் போட்டுருக்குதுடா” என்று என்னைக் காட்டினான். அதற்கும் சிரித்தார்கள்.

ஒரு வருடம் போல ஆயிற்று. பிறகு இடது காலாலேயே என்னை ஜெயிக்க ஆரம்பித்தான்.

ஐந்தாவது விதி என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுவதற்குள் விடுதியில் இடம் கிடைத்துப் போய்விட்டான். அதன் பிறகு அந்த ரோட்டில் நான் ஆடவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்துக்கு இன்னொருவர் வேண்டுமே.

இன்று அவன் தொழிலே அந்த இடது கால்தான். கமெண்டரியில் அதைப் பற்றி அப்படிப் பேசுகிறார்கள். இடது ஓரத்தில் ஓடி, தலை தூக்கிக்கூடப் பார்க்காமல் கோல் வாசலுக்கு ஒரு கிராஸ் போடுவான். எனக்கு மட்டும் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் கல் தெரியும்.

சரி… இதை எங்கே எழுதுவது? நோட்டு நான் எழுதியது. சாட்சி நான். நீக்க வேண்டிய பட்டியலில் முதலில் வரக்கூடிய வரி இதுதான். மாமாவின் ‘தங்கக் கால்’ போன அதே வழியில் போக வேண்டியது.

எனக்கு இருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்று. என்றைக்காவது ஒரு நிருபர் அவனிடம் இடது காலைப் பற்றிக் கேட்பார். அவன் சொல்வான். அது அச்சில் வரும். உரையாடல் பக்கத்தில் நிதானமாக, என் பெயர்கூட இல்லாமல், ‘தெருத்தோழி ஒருத்தியின் விதியால்’ என்று ஒரு வரி கேட்கலாம். இதற்காகத்தான் இத்தனை வருடமாகக் கூட்டல் கணக்குப் போட்டேனா? இல்லை என்று சொன்னால் அதற்கும் ஆதாரம் கேட்பீர்கள்.

போன வாரம் பேட்டி வந்தது.

திங்கட்கிழமை காலை. முழுப்பக்கம், நல்ல படம். ஏழாவது கேள்வி – இவ்வளவு துல்லியமான இடது கால் எப்படி வந்தது?

அவன் பதில் ஒரே வரி. “அது பிறவியிலேயே அப்படித்தான்.”

இரண்டு முறை படித்தேன். பிறகு அலுவலக மீட்டிங் இருந்தது, போனேன்.

மதியம் பார்த்தபோது யாரோ ஒரு தொகுப்பாளர் அதைப் பக்கத்தில் சேர்த்திருந்தார். ‘பிறவியிலேயே இடதுகால் ஆட்டக்காரர்.’ ஆதாரம் சரியாக இணைக்கப்பட்டிருந்தது. இணைப்பு வேலை செய்தது. நான் பார்த்தவரை பிழையே இல்லை… அது உண்மை இல்லை என்பதைத் தவிர.

திங்கட்கிழமை சாயங்காலம் எழிலின் அம்மா எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்ட வேண்டும். மேட்சை டிவியில் பார்க்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். “டிவில அவன் வுழுந்தா நெஞ்ச அடைக்குது. இதுல வுழ மாட்டான்” என்றார். பொங்கலுக்கு அவனுக்கு எப்போதும் மேட்ச் இருக்கும். தீபாவளிக்கும். அத்தைக்கு இந்தப் பக்கம்தான் பிள்ளை வந்துபோகிற வழி.

வாசித்தேன். புது வரியும் வந்தது.

“நிறுத்து. இன்னா பொறப்புலேந்தா?”

“அப்படித்தான் அத்த சொல்லிருக்கான்.”

“சோறு துண்றது சோத்துக்கை. எழுதறது சோத்துக்கை. கால் மட்டும் எப்பிடிடி பொறப்புல மாறும்? நீதான அவன எடக்கால்ல அடிக்கச் சொல்லி நோட்டு போட்டு வெச்சிருந்த? வூட்ல வந்து கால் வலிக்குதும்மான்னு படுப்பான். எண்ணெ தேச்சதே நான்தான்.”

கால் வலித்தது எனக்குத் தெரியாது. அவன் சொன்னதே இல்லை.

“அத எழுதேன்” என்றார்.

“எழுத முடியாது அத்த. ஆதாரம் இல்ல.”

“பெத்தவ சொல்றன்.”

“பெத்தவங்க சொன்னா சேராது.”

“நல்லா இருக்குதுடி உங்க நாயம். பெத்தவ சொன்னா பொய்யி, பேப்பர்காரன் சொன்னா நெஜமா?” அத்தை இடுப்பிலிருந்து போனை எடுத்தார். “இரு, அவனையே கேக்கறன். மறந்துட்டானா இன்னான்னு.”

“வேணாம் அத்த.”

“ஏன்டி?”

“போன்ல சொன்னா அது ஆதாரம் ஆவாது.”

அது உண்மைதான். ஆனால் நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை.

ஏன் அப்படிச் சொன்னான் என்பதற்கு என்னிடம் மூன்று காரணம் உண்டு. ஏழாவது கேள்வி, அவசரத்தில் இருந்திருக்கலாம். அல்லது, ஒரு பெண் போட்ட விதி என்று சொன்னால் நிருபர் அதைத் தலைப்பாக்கிவிடுவார் என்று தயங்கியிருக்கலாம். போன முறை ஊருக்கு இரண்டு மணி நேரம் வந்துபோனபோது வாசலில் நின்று, “இன்னா சுகன், இன்னும் லிஸ்ட் போட்டுனுதான் இருக்கியா?” என்று கேட்டவனுக்கு நோட்டு நினைவில்லாமலா போகும்? மூன்றாவது காரணம், மறந்திருக்கலாம். மூன்றில் எது என்று ஒரு போன் காலில் தெரிந்துவிடும். ஆதாரம் கிடைக்கக் கூடாது என்று நான் விரும்புகிற ஒரே விஷயம் அது.

அத்தை போனை மறுபடி செருகிக்கொண்டார். “சரி, முழுசும் படி” என்றார். படித்தேன்.

அவர் போன பிறகு உரையாடல் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். ‘இது வீரரின் சொந்தக் கூற்று. பக்கத்தின் குரலில் உண்மையாகச் சொல்லாமல், பேட்டியில் அவர் கூறியதாக எழுதுவதே நடுநிலை.’ பத்தே நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள். ‘நல்ல திருத்தம், நன்றி’ என்று ஒரு குறிப்பும் வந்தது.

இப்போது அந்த வரி, ‘தமது இடது கால் ஆட்டம் பிறவியிலேயே அமைந்தது என்று ஒரு பேட்டியில் கூறியுள்ளார்’ என்று இருக்கிறது. அவன் சொன்னான் என்பது உண்மை. என் விதிக்குள் நின்று அவனுக்கு எதிராக என்னால் அடிக்க முடிந்த ஒரே கோல் அதுதான். கல்லில் பட்டதா என்று தெரியவில்லை.

முப்பதடி ரோட்டில் இப்போது தார் போட்டுவிட்டார்கள். இருபுறமும் மாடி வீடுகள். மாமா கடை சிமெண்ட்தான்.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது – இந்தப் பத்தி அச்சில் வருகிறதே? உங்களில் யாராவது இதை மேற்கோள் காட்டி நான்காவது விதியை அவன் பக்கத்தில் சேர்க்கலாம். சேர்த்தால் நான்தான் நீக்க வேண்டியிருக்கும். தெருக்காரி எழுதியது நடுநிலையான ஆதாரம் ஆகாது.

நீக்குவேன். ஆனால் மறுநாள்தான்.