பாலத்துக் காவலாளியின் சாவி

முப்பத்தொரு வருஷம் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக அந்த ரயில் பாலத்தில் நடந்ததில் அவருக்குப் பெயரே ‘பாலம்’ என்று ஆகிவிட்டது. பள்ளத்தாக்கின் குறுக்கே பதினெட்டுக் கல் வளைவுகள். மேலே ரயில் போகும்போது மனிதன் நிற்க இடமிருக்காது. அதற்காக நூறடிக்கு ஒன்றாகக் கைப்பிடிச் சுவரை வெளியே தள்ளி, இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒதுங்குமிடம் கட்டியிருந்தார்கள். பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவனையும் இழுத்துக்கொண்டு அதற்குள் பாய வேண்டும். ஒரே ஒருமுறை அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அன்றைக்குக் கூட வந்தவனின் சாப்பாட்டுத் தூக்கு மட்டும்தான் வீடு போய்ச் சேர்ந்தது.

பிறகு ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பிடுங்கி, மரப்பலகை பாவி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டார்கள். அதற்கு ஒரு காவலாளி தேவைப்பட்டார். வேலையோடு தங்க ஒரு அறையும் உண்டு. மகன் வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக் கிடந்தவருக்கு, அந்த அறை என்றதும் தூக்கமே போய்விட்டது.

“உங்கள விட்டா அந்தப் பாலத்தப் பத்தி யாருக்கு மாமா தெரியும்? வேல உங்களுக்குத்தான்” என்றாள் மருமகள். அவளுக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். விடிவதற்குள் அவருடைய இரண்டு சட்டையையும் பிரஷர் மாத்திரையையும் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள்.

அதிகாரி சின்ன வயதுப் பெண். பாலத்தில் அவரோடு நடந்தபடியே எல்லாம் கேட்டாள். எந்த வளைவில் நீர் கசியும், எந்தக் கல் ஆடும் என்று அவர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“உங்கள மாதிரி ஆளத்தான் தேடிட்டிருந்தேன் ஐயா. சாவிய இன்னிக்கே வாங்கிக்குங்க” என்று பையிலிருந்து எடுத்தாள்.

அப்போதுதான் காலுக்கடியில் பலகை அதிர்ந்தது. பின்னால் கடகடவென்று சத்தம் நெருங்கியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோளைப் பிடித்து இழுத்து ஒதுங்குமிடத்துக்குள் தள்ளி, மேலே விழுந்து அணைத்துக்கொண்டார். காப்பாற்றிவிட்டோம் என்று அவருக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் அங்கே வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகப் புதிதாக ஒரு கல் பெஞ்சு போட்டிருந்தார்கள். அவள் மணிக்கட்டு அதில் மோதி முறிந்தது.

வந்தவை பதினைந்து சைக்கிள்கள். எல்லாரும் இறங்கி முதலில் செல்போனைத்தான் எடுத்தார்கள்.

“இந்த வயசுல கெழவனுக்கு வந்த ஆசையப் பாரு” என்றான் ஒருவன்.

“ரயிலு வந்துச்சும்மா” என்றார் அவர்.

அவள் அழுதுகொண்டே, நல்ல கையால் சாவியைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவர் வீடு போய்ச் சேருமுன் வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. கட்டில் கிடந்த இடத்தில் பேத்தியின் படிப்பு மேஜை நின்றது.

“கட்டில காலையிலயே ஒருத்தருக்குக் குடுத்துட்டோம் மாமா. இருங்க, உங்க புள்ள ஒரு முதியோர் இல்லத்துல பேசிட்டிருக்காரு” என்றாள் மருமகள்.

உள்ளே மகன் போனில் விசாரித்துக்கொண்டிருந்தான். “நல்லா நடப்பாரு சார், சாப்பாட்டுலயும் தொந்தரவு கெடையாது. ஆளப் புடிச்சுத் தள்ளுற பழக்கம் மட்டுந்தான். உங்ககிட்ட கையக் கட்டி வைக்கிற வசதி இருக்கில்ல?”

வாசலில் நின்றவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.