நான்காவது பாட்டின் நடுவில்

அந்த ஜப்பான் பாட்டின் நடுவில் ஒருவர் தமிழில் பேசுவார். இசை ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று அறுந்துபோகும். பின்னால் எங்கள் வீட்டுத் தறி அடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு, "இந்தச் செவப்புப் பட்டன் எதுக்குங்க மாப்பிள்ளை?" என்று ஒரு குரல் என்னைக் கேட்கும். சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "நீ சோத்தப் போட்டு வையி, கையக் கழுவிட்டு வாரேன்" என்று சொல்லும். அவ்வளவுதான், மறுபடியும் பாட்டு பிடித்துக்கொள்ளும். அந்தக் குரல் என் அக்காவின் வீட்டுக்காரருடையது. அவரை நான் மாமா என்றே கூப்பிட்டுப் பழகினேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மாமா போர்வெல் லாரி ஓட்டினார். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் ஆறு மாதம், எட்டு மாதம் வடக்கேயே கிடந்துவிட்டு வருவார். அதுவரை அக்கா எங்கள் வீட்டில்தான் இருப்பாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தடவை பம்பாய் வழியாக வந்தவர், ஒரு டேப் ரிக்கார்டரைத் தலையணை உறைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெட்டியோடு ஒரு கேசட்டும் இருந்தது. அதன் அட்டையில், அலமாரி உயரத்துக்கு ஒயர்கள் தொங்கும் ஏதோ ஒரு இயந்திரத்தின் முன்னால் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுத்து ஒன்றும் புரியவில்லை. தபாலாபீஸ்காரர் பார்த்துவிட்டு அது ஜப்பான் எழுத்து என்றார். நான் எட்டாவதோடு நின்றவன். அவர் சொன்னதை நம்பினேன்.

அதில் ஆறு பாட்டுகள். முதல் பாட்டு ஏறக்குறைய எங்கள் தறிச் சத்தம்தான். நூல் சுற்றிய நாடா குறுக்கே போய்வரும் அதே கணக்கு, ஆனால் தறியில் ஆள் இல்லாத மாதிரி இருக்கும். இரண்டாவது, மழை விட்ட பிறகு ஏரிக்கரையில் தவளைகள் ஒன்றையொன்று கூப்பிடுவதுபோல் இருக்கும். மூன்றாவதில் ரயில் ஒன்று வரும், வரும், வந்துகொண்டே இருக்கும், வந்து சேராது. நான்காவதில்தான் ஒரு குரல் பாடும். அது ஆணுமில்லை, பெண்ணுமில்லை. தகர டப்பாவுக்குள் வாயை வைத்துப் பேசியதுபோல் இருக்கும். அக்கா முதல் தடவை கேட்கும்போதே, "ஏனுங்க, இது மூச்சே உடாம பாடுதுங்களே. இதுக்கு நெஞ்சுக்கூடு இருக்குதா, இல்லையா?" என்றாள். மாமா சிரிக்காமல், "உன்னையாட்டமேதான். நீ எங்க மூச்சு உட்டுப் பேசுன?" என்றார். அக்கா கரண்டியை ஓங்கினாள்.

அந்த மத்தியானமே, பாட்டு முதல் தடவை முடிவதற்குள், மாமா சிவப்புப் பட்டனை அமுக்கினார். கேசட்டின் முதுகில் இருந்த ஓட்டையை யாரோ காகிதம் திணித்து அடைத்திருந்தார்கள். அதனால்தான் பேச்சு அதில் ஏறிக்கொண்டது என்று பின்னால் சொன்னார்கள். நான்காவது பாட்டில் ஒரு துண்டு அழிந்து, அங்கே மாமா உட்கார்ந்துவிட்டார். நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டேனே என்று அவருக்கு வருத்தம். அடுத்த முறை வரும்போது வேறு கேசட் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை லாரி வந்தது, மாமா வரவில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு ஆற்றங்கரையில் லாரியை நிறுத்திச் சோறாக்கியிருக்கிறார்கள். தட்டில் போட்டாயிற்று. கைகால் கழுவிவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவர் திரும்பவில்லை. கூடப் போனவர்கள் இரண்டு நாள் தேடினார்கள். துண்டு மட்டும் ஒரு பாறைமேல் மடித்து வைத்தபடி இருந்ததாம். உடம்பு கிடைக்கவில்லை. அவர்கள் எங்கள் வாசலில் நின்று இதைச் சொன்னபோது, அக்கா உள்ளே திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன்பிறகு அக்கா எங்களோடேயே தங்கிவிட்டாள். தினமும் பொழுது சாய விளக்கேற்றி, முருகன் படத்துக்குத் திருநீறு வைத்து, பிறகு நான்காவது பாட்டைப் போடுவாள். மூச்சில்லாத அந்தக் குரல் பாடும், நின்றுபோகும், மாமா பேசுவார், மறுபடியும் அது பாடும். இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து வருகிறார்கள் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. முருகா என்று சொல்லிக்கொண்டே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் குழந்தைகளை எங்கள் வாசலுக்கு விடமாட்டார்கள். அக்கா மட்டும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வாரேன்னுதான சொல்றாரு. போறேன்னு சொல்லலியே" என்பாள்.

நான்கு வருடம் இப்படியே போயிற்று. எனக்கு ராசிபுரத்தில் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டாருக்கு எல்லாம் பிடித்தது, ஒன்றைத் தவிர. பெண்ணின் அத்தை நேராகவே கேட்டார்: "உங்கக்கா மணவறைக்கு முன்னால நிக்கறதுங்களா, பின்னால நிக்கறதுங்களா? அதை முடிவு பண்ணிப்போட்டுச் சொல்லுங்க. நாங்க காத்திருக்கறோம்." அக்கா சுமங்கலியா, இல்லையா என்று கேட்கிற பொல்லாத கேள்வி. ஆனால் அந்தக் காலத்தில் எங்களில் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

எங்கள் குலதெய்வக் கோயிலில் பல்லி சொன்னால்தான் உத்தரவு. மூன்று வெள்ளிக்கிழமை போய்ச் சன்னதி முன்னால் மூச்சடக்கி உட்கார்ந்தோம். ஒரு பல்லியும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் திரும்பி வரும்போது பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சாமி சொல்லலீன்னா, அவனே சொல்லட்டும். அந்தப் பொட்டிய வெச்சுக் கேப்போம். இருக்கறானா, இல்லையான்னு ஒரு வார்த்தைல தெரிஞ்சு போகும்" என்றார். இன்றைக்கு எழுதும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அன்றைக்கு எல்லோரும் சரியென்றோம். அக்காவும், "அவரு சொன்னா நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியைக் கழுவிய மணைமேல் வைத்துச் சூடம் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. தெருவில் அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றன. "பேட்டரிக் கட்டை போடு தம்பி" என்றார் பெரியப்பா. அலமாரியில் புதுக் கட்டைகள் பிரிக்காமல் இருந்தன. அதற்குப் பக்கத்தில் என் டார்ச் லைட் இருந்தது. அதில் இருந்தவை தீரப்போகிற கட்டைகள். வெளிச்சம் மஞ்சளாகி நாலு நாள் ஆகியிருந்தது. நான் டார்ச்சைத் திருகினேன். அவசரத்தில் கை மாறிப்போயிற்று என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கை மாறவில்லை. கட்டை தீர்ந்தால் பாட்டு எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.

பாட்டு கிளம்பியது. ஏற்கெனவே நெஞ்சில்லாத குரல், இப்போது பூமிக்கடியில் ஏதோ புரள்வதுபோல் வந்தது. பிறகு அது அறுந்தது. மாமா பேசினார். மாமாவின் குரலே இல்லை அது. கிணற்றுக்குள் தண்ணீர் வாயில் புகுந்த ஒருவன் சொல்வதுபோல், "கைய... க்... கழுவிட்டு..." என்று இறங்கி இறங்கிப் போய், 'வாரேன்' வருவதற்கு முன்னாலேயே பெட்டி நின்றுவிட்டது. என் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "உசுரோட இருக்கறவன் கொரலா இது?" என்றார் பெரியப்பா மெதுவாக. அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். யாரையும் தொட விடாமல், தாலியைத் தானே கழற்றி மணைமேல் வைத்தாள்.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா மணவறைக்கு வெகுதூரம் பின்னால், பந்தியில் பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேசட்டை அட்டையோடு மஞ்சள் துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியடியில் வைத்துவிட்டாள். அதன்பின் அதைப் போட்டுக் கேட்கவே இல்லை. மாமாவைப் பற்றி அதற்குப் பிறகும் ஒரு சேதியும் வரவில்லை. அன்று முதல் கிருத்திகை தவறாமல் நான் விரதம் இருக்கிறேன். பக்தி என்று ஊரில் நினைக்கிறார்கள். முருகனுக்குத் தெரியும்.

போன கார்த்திகைக்கு வீடு துடைக்கும்போது என் மகன் அந்த முடிச்சைப் பிரித்தான். கேசட்டின் நாடா பூசணம் பிடித்து ஒட்டிப்போயிருந்தது. அவன் அட்டையைச் செல்போனில் படம் எடுத்தான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அந்த நாட்டில் பெரிய இசைக்காரராம்; கம்பியையும் கரண்டையும் வைத்துப் பாட்டுக் கட்டியவராம்; இன்றைக்கு மெஷினில் பாட்டுப் போடுகிற பிள்ளைகள் பலர் அவரைப் பார்த்துக் கற்றவர்களாம். "ஆறு பாட்டும் அப்படியே இருக்குதுங்கப்பா, போடட்டுமா?" என்றான். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், "போடு சாமி" என்றாள் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா. அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஆளில்லாத தறி ஓடியது. தவளைகள் கூப்பிட்டன. ரயில் வந்துகொண்டிருக்கும்போது, திரியை உருட்டியபடியே அக்கா சொன்னாள்: "அன்னிக்குக் கட்டை பழசு."

"தெரியுமாக்கா?" என்றேன்.

"நாலு வருசம் தெனமும் கேட்டவளுக்குத் தெரியாதா? பொண்ணூட்டுக்காரங்க காத்துட்டு இருந்தாங்களே."

அதற்குள் நான்காவது பாட்டு வந்துவிட்டது. மூச்சில்லாத அந்தக் குரல் ஒரு வயதும் ஏறாமல் பாடியது. அந்த இடம் நெருங்க நெருங்க, என் உதடு தானாகவே "இந்தச் செவப்புப் பட்டன்" என்று அசைந்தது. பாட்டு அறுந்துபோகவில்லை. மாமா அழித்த துண்டை நாங்கள் அன்றுவரை கேட்டதில்லை. அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் நின்றது. அந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மெஷினில் செய்த தண்ணீர்தான். ஆனாலும் யாரோ இரண்டு கையையும் சேர்த்து அள்ளி அள்ளி விடுவதுபோல், அவசரமில்லாமல், விழுந்துகொண்டே இருந்தது.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு திரியை எண்ணெயில் நனைத்து விளக்கில் வைத்தாள்.

"இன்னும் கழுவிட்டுத்தான் இருக்காரு" என்றாள்.