மகள் அழ வேண்டிய காட்சி

போன சனிக்கிழமை மணப்பாடு கடற்கரையில் என் மகள் ஜெனியை அழவைக்க ஆறு பேர் முயன்றோம். அதில் நானும் ஒருத்தி.

ஷூட்டிங்தான். அப்பா படகில் ஏறிப் போகிறார். ஐந்து வயது மகள் கரையில் நின்று அழுகிறாள். அவ்வளவே காட்சி.

படம் எங்கள் தெருவில் குடியிருக்கும் சாத்தான்குளத்து அண்ணாச்சியுடையது. முதலில் கதை எழுதிக்கொண்டிருந்தார். அதைப் படமாக்க யாரும் வரவில்லை... தானே தயாரிப்பாளரானார். அப்பா வேடத்துக்குப் பேசி வைத்தவர் கடைசி நேரத்தில் வேறு படத்துக்குப் போய்விட, நடிகரும் ஆனார். மகள் வேடத்துக்கு ஜெனியைக் கேட்டார். சரி என்று சொல்ல மூன்று நாள் யோசித்தேன். சொன்ன பிறகு நான்கு நாள்!

ஐந்து டேக் போனது. ஜெனி அழவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஞாயிறு, அந்த ஊரில் படகு எதுவும் கடலில் இறங்காது. திங்கட்கிழமை கேமரா சென்னைக்குத் திரும்ப வேண்டும்.

உதவி இயக்குநர் என்னிடம் வந்தார். "மேடம், 'உன்னை விட்டுட்டு அம்மா போறேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தானா அழுதுடும்."

சொல்லலாமா? ஒரு பொய்தானே? ஜெனியை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏன்ளா அழ மாட்டேங்க?"

"அப்பா கப்பலுக்குப் போகும்போது அழக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லிருக்க?"

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கடலுக்குக் கிளம்புகிறவர் முன்னால் கண்ணைக் கசக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமியார் எனக்குச் சொன்னார். நான் ஜெனிக்குச் சொன்னேன். நன்றாகவே சொல்லியிருக்கிறேன் போல.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். வேட்டி நனைந்து, முகம் வெளுத்துப்போய் நின்றார்.

"எழுதுனவன் 'அழுதாள்'னு எழுதிட்டான். பணம் போட்டவன் இன்னைக்கே முடிங்கான். நடிக்கவன் படகுல ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டான். மூணு பேருகிட்டயும் கேட்டுட்டு வாரேன், இரும்மா."

மணலில் தனியாகப் பத்தடி நடந்தார். திரும்பி வந்தார்.

"எழுதுனவன் தோத்துட்டான். பிள்ள அழ வேண்டாம்."

படகு நகர்ந்தது. ஜெனி கவுன் நுனியைக் கசக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி கையாட்டினாள். ஒரே டேக்.

எனக்கும் வீட்டில் மூன்று வேலை உண்டு – அம்மா, பாதி நாள் அப்பா, மாலையில் டியூஷன் டீச்சர். இவர்களில் யார் போட்ட சட்டம் தப்பு என்று தள்ளி நின்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெனி என் முந்தானையை இழுத்தாள்.

"ம்மா... படகு போயாச்சுல்லா? இப்ப அழலாமா?"

"அழுளா."

திருச்செந்தூர் வரும்வரை அழுதாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர் என்னை முறைத்தார்.

"பச்சப்பிள்ளையப் போட்டு அடிச்சியளாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன்.