மீனா நுழைந்த சந்து

அன்றன்று கண்ட வேடிக்கைகளைப் பேசியபடி நானும் தோழி மீனாவும் காரைக்குடியில் தினமும் மாலை நடை போவோம். ஒரு வாரமாக அவள், "நீ முன்னால போ, வாறேன்" என்று ஒரு பூட்டிய வீட்டுச் சந்துக்குள் நழுவினாள். திரும்பும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு வருவாள். என்னைப் பற்றி யாரிடமோ புறம் பேசுகிறாள் என்றே நினைத்தேன். ஒருநாள் பின்னாலேயே போனேன். பின்கதவு இடுக்கில் கண்ணை வைத்து நின்றிருந்தாள்.

"சத்தம் போடாம இங்குட்டு வா" என்றாள். உள்ளே முற்றத்தில் ஒரு மயில், நான்கு குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீதான் ஸ்டேட்டஸ்ல போட்ருவியே! முன்னாடி ஆந்தைக் கூட்டைப் படம் பிடிச்சுப் போட்டு, தெருவே கூடி, ஆந்தை பறந்து போச்சுல்ல?"

இப்போதெல்லாம் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் நடக்கிறேன். அது எந்தத் தெரு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.